வெக்கைத் தாயத்து

முத்துலிங்கம் ஐந்தரைக்கு எழுந்தான். அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்தான். கொதித்ததும் தேயிலைத் தூள் போட்டான். சாயம் இறங்கியது. இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். குடித்தான். மனைவி நாகலெட்சுமி காய்ச்சலில் போய் எட்டு மாதம். ஞாயிறு, வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான மேட்டு லயத்தில் ஒரே கூட்டம். நாலு குடும்பம் அடுத்த வாரம் தலைமன்னாரில் கப்பலேறி, இலங்கையை விட்டு ஒரேயடியாக இந்தியா போகிறது. கொட்டகலைப் பனியில் பிறந்து வளர்ந்த உடம்பு திருச்சி வெயிலைத் தாங்குமா? இந்தக் கவலையை மோப்பம் பிடித்து வந்திருந்தார் குளிர்ச்சிச் சாமியார். அவர் தாயத்தைக் கட்டினால் வெக்கை அண்டாது. காணிக்கை, ஆளுக்கொரு கம்பளி. வெயிலுக்குப் போகிறவனுக்குக் கம்பளி எதற்கு? சாமியார் நியாயமாகத்தான் கேட்டார்.

சாட்சியும் இருந்தது. "மூணு நாளாக் கட்டியிருக்கேன், ஒரு பொட்டு வேர்க்கல" என்றான் அதே லயத்து மாயாண்டி. மூடுபனியில் அவன் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

நாகலெட்சுமியின் அக்கா பேச்சியம்மாவும் பயணக்காரிதான். மடியில் கைக்குழந்தை இருமிக்கொண்டிருக்க, தகரப் பெட்டியிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்து வெளியே வைத்தாள்.

"அது ஏன் வெளிய வருது, மதினி?" என்று கேட்டான் உள்ளே வந்த முத்துலிங்கம்.

"மருந்து சூடாம் தம்பி. தாயத்தோட சேராதாம்." குரலைத் தாழ்த்தினாள். "நாகு கடைசியாச் சொன்னதே 'ஒரு தாயத்து கட்டுங்க'ன்னுதானாமே. சாமி மை போட்டுப் பாத்துச் சொல்லிட்டாரு. எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே."

முத்துலிங்கம் குழந்தையைப் பார்த்தான். போத்தலைப் பார்த்தான்.

வெளியே ஈர விறகு புகைந்தது. அதன்மேல் ஓர் அண்டா. சாமியார் எலுமிச்சம்பழங்களைப் பிழிந்தார், ஒரு பிடி திருநீறு போட்டார். நிமிடத்தில் தண்ணீர் தளதளவென்று பொங்கியது. தாயத்துக் கையை முழங்கைவரை விட்டு எடுத்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆவி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்த வேலையைப் பனி இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

முத்துலிங்கம் பேச்சியம்மா வீட்டுத் தேயிலைத் தூளை ஒரு கை அள்ளிவந்து அண்டாவில் போட்டான்.

"என்னப்பா இது?"

"தேத்தண்ணி, சாமி. எல்லாரும் குளிர்ல நிக்கிறாங்க."

தூள் மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது. சாயம் இறங்கவில்லை.

தலைமுறையாகக் கொழுந்து பறித்த கூட்டம். இதற்கு வாத்தியார் விளக்கம் தேவைப்படவில்லை. கூட்டத்திலிருந்து வேலாயி முன்னால் வந்து அண்டாவில் விரலை விட்டாள், நக்கிப் பார்த்தாள்.

"பச்சத் தண்ணி. திருநீறா இது? ஆப்பச் சோடா."

"சக்தி தண்ணியவே குளிர வச்சிருச்சு" என்றார் சாமியார்.

"அப்ப நீங்க கையை விட்டதுல என்ன பெரும?" என்றாள் வேலாயி.

கம்பளி மூட்டையை விட்டுவிட்டுச் சாமியார் இறக்கத்தில் ஓடினார். தாயத்துக் கட்டியிருந்தும் நன்றாக வேர்த்திருந்தது.

பேச்சியம்மா போத்தலைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். உடையாதபடி துணியைச் சுற்றினாள்.

"அப்ப நாகு கடைசியா என்னதான் தம்பி சொன்னா?"

முத்துலிங்கம் பெட்டியின் மூடியைச் சாத்தினான்.

"வெந்நி கொண்டுபோய்க் குடுத்தேன். 'சுடுதான்னு நீங்க தொட்டுப் பாத்தீங்களா?'ன்னா."