நடையில் நின்ற ஜாவா

பாலசுந்தரம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அதாவது, எந்த முடிவுக்கும் வந்துவிடக்கூடாது என்கிற முடிவுக்கு.

வண்டியை விற்பதா, சரிபண்ணி ஓட்டுவதா? பழங்காநத்தத்தில் அவர் வீட்டு நடையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறதே ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள், அதைப் பற்றிய கேள்விதான் இது. ரெண்டாயிரம் பிறந்த வருஷத்தில் எழுந்த கேள்வி. அதற்கப்புறம் தமுக்கம் மைதானத்தில் மூன்று சித்திரைப் பொருட்காட்சி நடந்து முடிந்துவிட்டது. வண்டி நகரவில்லை. அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருக்களித்து நுழைந்து, வயிற்றை எக்கிக்கொண்டு, "சௌக்கியமா?" என்று கேட்டபடி உள்ளே வரப் பழகிவிட்டார்கள்.

விவகாரம் முற்றியதற்குக் காரணம் ஒரு பட்டுச்சேலை. அவர் மனைவி சூடாமணி, தங்கச்சி வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பி நடையில் போய்க்கொண்டிருந்தாள். கிளட்ச் லீவர் முந்தானையைப் பிடித்து இழுத்தது. டர்ர்ர்!

"ஏங்க!"

அந்த 'ஏங்க'விலேயே பாலசுந்தரத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"சேல கிழிஞ்சிருச்சா?"

"இல்ல, சிரிக்குது. பாருங்க, எம்புட்டு வாயத் தொறந்து சிரிக்குதுன்னு."

"தச்சுக்கலாம் சூடா..."

"தச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. வார ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த வண்டி ரோட்டுல ஓடணும். இல்லாட்டி இந்த வீட்ட விட்டே போயிறணும்."

"யாரு, நானா?"

"இப்போதைக்கு வண்டியச் சொன்னேன்."

(அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. நமக்குப் புரியவேண்டுமே என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஊருக்கெல்லாம் பாலசுந்தரம் சொல்லிவந்த காரணம் கார்ப்பரேட்டர். "கார்ப்பரேட்டர் கோளாறு. சாமான் கெடைக்கல." திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போகலாமா என்றால் கார்ப்பரேட்டர். பொருட்காட்சிக்கு என்றால் கார்ப்பரேட்டர். மச்சினி வீட்டுக்கு என்றால் கண்டிப்பாகக் கார்ப்பரேட்டர். நோகாமல் நொங்கு தின்கிற வாழ்க்கை. வண்டி விற்றுப்போனால் இந்தச் சாக்குப் போய்விடும். சரியாகிவிட்டாலும் போய்விடும். அதனால்தான் அது நடையிலேயே நிற்கவேண்டியிருந்தது.

ஆனால் உண்மையான கோளாறு கார்ப்பரேட்டரில் இல்லை, காளவாசல் முக்கு ரோட்டில் இருந்தது. ஒரு மழைச் சாயங்காலம், முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நிற்க, இவர் பிரேக்கை மிதிக்க, வண்டி வழுக்கி, நட்டநடு ரோட்டில் ரெண்டு பேரும் விழுந்தார்கள். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. சூடாமணிக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்ட கையோடு சூடாமணி ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. அந்த மனுஷரால் அதைத்தான் தாங்கமுடியவில்லை. மறுநாள் வண்டி மேல் தார்ப்பாய் ஏறியது. பயம் என்று சொல்ல வெட்கம். ஜாவாவில் வலம் வந்த ஆள் இல்லையா அவர்! கிக்கரை மிதித்து ஸ்டார்ட் பண்ணி, அதையே மடக்கிக் கியராகப் போடுகிற ஸ்டைலைப் பார்க்க ஒரு காலத்தில் தெருவே நிற்கும். விற்கவும் மனசில்லை, தொடவும் தைரியமில்லை.

"நானே ஒரு மெக்கானிக்கு விசாரிச்சு வச்சிருக்கேன்" என்றாள் சூடாமணி. "ஆரப்பாளையத்துல பீர் முகமதுன்னு ஒருத்தர். ஜாவாவுன்னா அவருதானாம். அவரு வந்து பாத்து என்ன சொல்றாரோ அதுதான் முடிவு. நீங்களும் பேசக்கூடாது, நானும் பேச மாட்டேன்."

பாலசுந்தரத்துக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. மெக்கானிக் சொல்வதுதான் முடிவு என்றால், மெக்கானிக்கைப் பிடித்துவிட்டால் போதாதா?

சனிக்கிழமை மத்தியானம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்குப் போனார். பீர் முகமது கை நிறைய கிரீசோடு எழுந்து வந்தார். பாலசுந்தரம் அவரைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய்க் கறிதோசை வாங்கிக்கொடுத்தார். தோசை பாதி உள்ளே போனதும் விஷயத்தை எடுத்தார்.

"பாய், நாளைக்கு எங்க வீட்டுக்கு வாரீக. வண்டியப் பாக்குறீக. விக்க முடியாது, இத எவனும் வாங்க மாட்டான்னு சொல்றீக."

"சொல்லிருவோம்ண்ணே."

"ரிப்பேரும் பண்ண முடியாது, சாமானே கெடையாதுன்னு சொல்றீக."

பீர் முகமது மெல்வதை நிறுத்தினார். "விக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. அப்ப வண்டிய என்னண்ணே செய்யப்போறீக?"

"அது பாட்டுக்கு நிக்கட்டும் பாய்."

"சரிண்ணே. கறிதோசை வேற வாங்கிக் குடுத்துட்டீக. பெறகென்ன!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீர் முகமது வந்தார். ஒருக்களித்துத்தான் வந்தார். சூடாமணி காப்பி கொடுத்தாள். தார்ப்பாயை உருவியதும் ஒரு பல்லி குடும்பத்தோடு வீட்டைக் காலி பண்ணியது. பீர் முகமது மண்டியிட்டு, ஸ்பேனரைக் கையில் எடுத்து, எஞ்சினுக்குள் தலையைக் கொடுத்தார்.

இங்கே பாலசுந்தரத்தின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். தெற்குமாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடையில் அவர்தான் முன்வரிசை விற்பனையாளர். வாடிக்கையாளர் எதிரிலேயே, தன் கூடப் பிறந்த பாஷையில், "இந்தம்மா இத எடுக்காமப் போகாது, நீ வெலைய எறக்கிறாத" என்று பக்கத்து ஆளிடம் சொல்லுவார். அந்தம்மா ஒன்றும் புரியாமல் இவரைப் பார்த்துச் சிரிக்கும். இவரும் சிரிப்பார். இப்படியே முப்பது வருஷம் ஓட்டியவர். அந்த பாஷைக்குள் போய்விட்டால் வீட்டுக்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மாதிரி அவருக்கு.

சூடாமணி சௌராஷ்டிரத்தில் ஆரம்பித்தாள். "இவரப் பாத்தா நல்ல மனுஷனாட்டம் தெரியுது. உண்மையச் சொல்லுவாருல்ல?"

பாலசுந்தரமும் அதே பாஷையில், முகத்தை மட்டும் மெக்கானிக் பக்கம் மரியாதையாக வைத்துக்கொண்டு சொன்னார். "உண்மையா? இந்த ஆளு நான் சொல்லிக்குடுத்ததச் சொல்லும். ஒரு கறிதோசைக்கு விழுந்த ஆளு. மண்ணு மாதிரி, பெசஞ்சபடி வரும்."

எஞ்சினுக்குள் ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. நட்டு இறுகிக் கிடக்கிறது போல என்று பாலசுந்தரம் நினைத்துக்கொண்டார்.

"அப்ப நேத்தே போயிப் பேசிட்டு வந்துட்டீங்களா?" சூடாமணி கோபப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் பேசவைத்தது. "சரி, போகுது. இப்பயாச்சும் சொல்லுங்க. விக்கச் சொன்னாலும் மனசு வரல. ஓட்டச் சொன்னாலும் வரல. என்னதாங்க ஒங்க பிரச்சன?"

"கார்ப்பரே..."

"கார்ப்பரேட்டர விடுங்க. அந்தாளுக்குத்தான் ஒண்ணும் புரியப்போறதில்லையே. நாம ரெண்டு பேருதான இருக்கோம்."

பாலசுந்தரம் அவள் கையைப் பார்த்தார். இடது மணிக்கட்டில் வளையலுக்குக் கீழே லேசாக ஒரு மேடு இருந்தது.

"பயம் சூடா" என்றார். "ஹேண்டில் பாரப் புடிச்சா காளவாசல்தான் கண்ணுக்கு முன்னாடி வருது. ஒன்னய மறுபடியும் கீழ போட்டுட்டா? என்னால அத இன்னொரு தடவ பாக்க முடியாது. போதுமா?"

ஸ்பேனர் மறுபடி நின்றது. இந்தத் தடவை கொஞ்ச நேரம்.

"விழுந்தது நானுந்தான்" என்றாள் சூடாமணி. "நான் பயந்தேனா?"

பீர் முகமது எழுந்தார். பழைய துணியில் கையைத் துடைத்தார். பாலசுந்தரம் நம்பிக்கையோடு கண்ணைச் சிமிட்டினார்.

"அக்கா, எஞ்சினு தங்கம்!" என்றார் பீர் முகமது தமிழில்.

பாலசுந்தரம் இருமினார்.

"சாமான்லாம் நம்மகிட்டயே கெடக்கு. இத விக்கிறது பாவம். வார வெள்ளிக்கெழம ஓட்டிக்கிட்டு வாரேன்."

பாலசுந்தரம் இன்னும் பலமாக இருமினார். புருவத்தைத் தூக்கினார், தலையை ஆட்டினார். கறிதோசை ஞாபகம் வரட்டுமே என்று வாயைக்கூட மென்று காட்டினார்.

"என்னண்ணே, தொண்ட கட்டிருச்சா? சுடுதண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு, பீர் முகமது வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். நடை அகலமாக, வெளிச்சமாக, அநியாயத்துக்குக் காலியாகக் கிடந்தது.

'பச்சத் துரோகி' என்று பல்லைக் கடித்தார் பாலசுந்தரம். 'ஒரு தோசையோட நிறுத்துனது தப்பாப் போச்சு.'

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. அடடா! சிவப்பு டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பீர் முகமது சாவியைக் கொடுத்துவிட்டு, ஷெட்டு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து காட்டச் சொல்லி, பஸ் ஏறிப் போய்விட்டார்.

"இன்னைக்கு ராகு காலம்..." என்று இழுத்தார் பாலசுந்தரம்.

"அது காலையிலயே போயிருச்சு. மணி நாலாச்சு. கெளப்புங்க."

கிளப்பினார். கிக்கரை மடக்கிக் கியர் போட்டார். சூடாமணி பின்னால் ஏறி உட்கார்ந்து, இடது கையைத் தூக்கி அவர் தோளில் வைத்தாள். அதே கை. அவர் கிளட்சை விட்டார்.

பைபாஸ் ரோட்டில் வண்டி போயிற்று. வேர்த்தது. கொஞ்ச தூரத்தில் வேர்வை நின்றது. காளவாசல் வந்தது. அந்த இடமும் வந்தது. அங்கேயும் ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. இவர் நிதானமாக ஒதுங்கி, நிதானமாகத் தாண்டினார். ஒன்றும் ஆகவில்லை!

"தாண்டிட்டேன் சூடா!" ரோட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். சூடாமணியின் கை தோளை ஒரு தடவை அழுத்தியது.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்கவா முடியும்! நெஞ்சை நிமிர்த்தி ஆக்சிலேட்டரை முறுக்கினார். வாழை இலைக் கட்டு ஏற்றிய சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துக்கொண்டு அவரை முந்திப் போனார்.

"யோவ், இம்புட்டு வேகம் ஆகாதுய்யா, மெதுவாப் போ!" என்று அவருக்குப் புத்தி சொன்னார் பாலசுந்தரம்.

ஆரப்பாளையம் ஷெட்டு வந்தது. பீர் முகமது ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. பாலசுந்தரம் ராஜா மாதிரி இறங்கி ஸ்டாண்டு போட்டார். மெக்கானிக் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்று, தன் பாஷைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.

"ஒனக்காகத்தான் சூடா அடக்கி ஓட்டுனேன். நான் மட்டும் முழுசா முறுக்கியிருந்தா வண்டி பறந்திருக்கும், பாத்துக்க!"

"பறக்காதுண்ணே" என்றது ஒரு குரல். "ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல திரும்பாதபடி உள்ள கட்ட வச்சிருக்கேன். அக்காதான் வைக்கச் சொன்னாங்க."

சுத்தமான சௌராஷ்டிரம்!

பாலசுந்தரம் நம்மாள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து பீர் முகமது வெளியே வந்து உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பாய்... நீங்க... எங்க பாஷ..."

"முனிச்சாலையில எங்க வீட்டுக்கு அடுத்த வீடுதாங்க இவங்க வீடு" என்றாள் சூடாமணி. "நம்ம கல்யாணத்துக்கு முந்தியே இங்கிட்டு வந்துட்டாங்க. சின்னதுலருந்து நம்ம பாஷதான் பேசுவாரு. நீங்க கேக்கவே இல்லையே!"

பாலசுந்தரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கறிதோசைக்கு விழுந்த ஆளு. மண்ணு மாதிரி. பயம் சூடா. முகம் டேங்க் கலருக்குச் சிவந்தது.

"அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் அவரு முன்னாடி என்னய அம்புட்டும் பேச வச்சியா?"

"பின்ன? எங்க கோளாறுன்னு மெக்கானிக்குத் தெரிய வேணாமா?"

பீர் முகமது எழுந்து வந்து அவர் தோளில் கிரீஸ் படாமல் முழங்கையால் தட்டினார். "நம்ம வீட்டம்மாவ ஒருக்கா நானும் கீழ போட்டவந்தாண்ணே. விடுங்க, சரியாப் போயிரும். வாங்க, இன்னைக்கு என் செலவுல கறிதோசை."

பாலசுந்தரம் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிச்சமிருந்த மானத்தையெல்லாம் திரட்டிக் கேட்டார்.

"அது சரி, அந்தக் கட்டைய எப்ப எடுப்பீக பாய்?"

பீர் முகமது சூடாமணியைப் பார்த்தார்.

"அவசரமில்ல" என்றாள் சூடாமணி. "என்னைக்கு இவரு அந்த எலக்கட்டு சைக்கிள முந்துறாரோ, அன்னைக்கு எடுத்துக்கலாம்."