கவர்னரும் தாயரசும்

"...ஆனபடியால் அக்காவைக் கேக்காமல் நெஞ்சைத் திறக்க விடேலாது எண்டு டொக்டருக்குச் சொல்லு தம்பி."

ஸ்டுட்கார்ட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு கவர்னர் சொன்னதை நான் ஜெர்மனில் சொன்னேன். டொக்டர் அம்மா என்னை ஒருதரம், அவரை ஒருதரம் பார்த்தார். இதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்துப்போய், நாளைக் காலை ஒப்பரேசன். தள்ளிப்போட்டால் உயிருக்குப் பொறுப்பில்லை என்று முதலே சொல்லிவிட்டார்கள்.

இந்த நாட்டிலே கவர்னரைப்போலக் கீழ்ப்படிவான மனுசன் கிடையாது. ஆனால் அவர் கீழ்ப்படிந்தது ஜெர்மன் அரசுக்கு இல்லை. தன்னை வளர்த்த, பருத்தித்துறையில் இருக்கிற பெரியக்காவுக்கு. "கொழும்பில இருந்த வெள்ளைக்காரக் கவர்னரே லண்டனைக் கேக்காமல் ஒரு பாலம் கட்டினவரோ? தந்தியடிச்சு, நாள் குறிச்சு, கப்பலேறிப் போய்க் கதைச்சிட்டு வந்துதான் கட்டினவர். நான் ஆர்?" என்பார். பேர் அப்படி வந்தது. அக்காவுக்குத் தாயரசு என்று பேர் வைத்தது நாங்கள்.

நாள் குறிக்கும் செயலாளர் உத்தியோகம் எனக்கு. தாயரசோடு கதைக்க நேரம் எடுப்பதைவிட வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதுதான் சந்திக்க நாள், எடுப்பது சுகம். ராகுகாலத்தில் தாயரசு கதைக்காது. வெள்ளிக்கிழமை விரதம். பின்னேரம் டிவி நாடகம். இதற்குள் ஜெர்மன்காரன் கோடைக்கு ஒருதரம், மாரிக்கு ஒருதரம் மணிக்கூட்டை மாற்றுவான். ஒருமுறை அந்தக் கணக்குப் பிழைத்து, நாடகத்தின் நடுவில் போன் அடித்துவிட்டோம். சோபா வாங்கக் கேட்ட அனுமதி பொங்கல் வரைக்கும் தள்ளிப்போனது. அதுவரை அவர் வீட்டுக்குப் போனவர்கள் எல்லாம் சூட்கேசின் மேல் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தோம்.

கடிதக் காலத்தில் நடந்தது இதைவிட மோசம். கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு பெண்பிள்ளைக்கும் இவருக்கும் விருப்பம். இவர் அக்காவுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தார். ஊரிலே சண்டை, பாதை பூட்டு, தபாலும் இல்லை. "ஓம், கட்டு" என்று பதில் வந்து சேர்ந்த கிழமை, அந்தப் பிள்ளையின் கலியாணப் பந்தியில் கவர்னர் சாம்பார் வாளியோடு நின்றார். பிறகு வேறு பெண் பார்க்கவில்லை. "அனுமதி வந்தது தானே" என்று மட்டும் சொல்லுவார், ஏதோ அதுவே போதும் என்கிறமாதிரி.

கொஞ்சக் காலமாகத் தாயரசு நேரம் கொடுக்கவில்லை. அம்மாவுக்குச் சுகமில்லை, பிறகு எடுங்கோ என்று அக்காவின் மகள் தள்ளிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நான் போனில் கெஞ்சின பிறகுதான் வீடியோவைப் போட்டாள்.

வெளியே நவம்பர் மழை. போனுக்குள் அக்கா மெலிந்து, தலைமயிரை ஒட்டக் கத்தரித்தபடி இருந்தா. கவர்னர் நிமிர்ந்து இருந்தார்.

"அக்கா, நெஞ்சை வெட்டப் போகினமாம். ஓமெண்டு சொல்லட்டோ?"

அக்கா அவரை வடிவாகப் பார்த்தா.

"ஐயா, நீங்கள் ஆர்? இவள் சோறு கொண்டந்து வச்சிருக்கிறாள். நான் சாப்பிடலாமோ?"

அம்மாவுக்கு இப்போது ஒருவரையும் தெரியவில்லை, வீட்டில் யார் சொன்னாலும் சாப்பிட மறுக்கிறா என்று பின்னால் மகளின் குரல் கேட்டது.

கவர்னர் போனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். பிறந்ததிலிருந்து ஒருவருக்கும் அனுமதி கொடுத்துப் பழகாத மனுசன்.

"ஓம் அக்கா. சாப்பிடுங்கோ. ஆறப் போகுது."

அக்கா தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினா. சோற்றுக் கோப்பை வெறுமையாகும் மட்டும் அவர் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு டொக்டரைத் தானே கூப்பிட்டார். உடைந்த ஜெர்மனில் வெட்டச் சொன்னார். வெட்டினபிறகு எப்போது போன் கதைக்கலாம் என்றும் கேட்டார். இரண்டு நாளாகும் என்று டொக்டர் சொன்னார்.

டொக்டர் போனதும், அக்காவின் மகளுக்கு அனுப்பிவைக்கத் தன் குரலைப் பதிவுசெய்யச் சொன்னார். அக்கா, இடியப்பம் சாப்பிடுங்கோ. அக்கா, சோறு சாப்பிடுங்கோ. அக்கா, பாலைக் குடிச்சிட்டுப் படுங்கோ. இரண்டு நாளைக்குக் காணும் அண்ணை, நிப்பாட்டுவம் என்றேன். என் கவர்னர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதற்கடுத்த நாளுக்கும் பேசத் தொடங்கினார்.