சாமி படத்துக்கு முன்னால் என் பேட்டரி

இனி சைக்கிளுக்கு ஓர் ஆணிகூட வாங்கமாட்டேன் என்று என் மனைவி குமுதாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். ஆணி எதுவும் வாங்கவில்லை. கியர் செட்டை முழுசாக மாற்றினேன், அவ்வளவுதான்.

நான் என்ன செய்வேன்? ஜார்ஜ்டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சாஹித் ஒரு சைக்கிளைத் தூக்கி மாட்டிவைத்து, பட்டனை அழுத்திக் காட்டினார். 'ஸிக்' என்றது. சங்கிலி தானாகத் தாவி உட்கார்ந்தது. பாயான் பாரு ஃபேக்டரியில் நாள் முழுக்க மெஷின் சத்தத்தோடு கிடப்பவன் நான். கல்யாணமான புதிதில் குமுதாவின் கொலுசுக்கு ஏங்கியதற்குப் பிறகு, ஒரு சத்தத்துக்கு நான் ஏங்கியது அன்றைக்குத்தான்.

அந்தக் கரண்டு கியரில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் பேட்டரி சீட்டுக் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். ஆனால் சார்ஜ் ஏற்ற சைக்கிளையே சுவரோரம் நிறுத்தி ஒயர் மாட்ட வேண்டும். சைக்கிளுக்கு எதற்குக் கரண்டு என்று குமுதா கேட்பாள். இன்னொன்றில் பேட்டரி கியரின் மேலேயே உட்கார்ந்திருக்கும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, தீப்பெட்டி அளவு. கழற்றிப் பைக்குள் போட்டு ஃபேக்டரியில் சார்ஜ் செய்துகொள்ளலாம். இதையே வாங்கினேன். பேட்டரியைக் கழற்றிவிட்டால் பழைய கியருக்கும் புதுசுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. கழற்றியதை ஸ்பேனர் பெட்டியின் அடியில் வைத்தேன். அதைத் திறக்கும் ஆள் வீட்டில் நான் ஒருவன்தானே. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மோகனராஜும் மற்ற கூட்டாளிகளும் தெலுக் பஹாங் அணைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. போன வருஷம் அணைக்கு ஏறும் மேட்டில் நான் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினேன். மோகனராஜ் அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். இந்த வருஷம் உட்கார்ந்தபடியே ஏறிவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அன்றைக்கு ஆயுத பூஜை. ஸ்பேனர் பெட்டி காலியாகக் கிடந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் ஸ்பேனர்கள் எல்லாம் குளித்துமுழுகி, சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்திருந்தன. நட்டநடுவில் இரண்டு பேட்டரிகள், ஆளுக்கொரு பொட்டோடு.

"இது என்ன இங்க?" என்று கேட்டேன்.

"உங்க பெட்டியிலதாங்க இருந்துச்சு. என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே."

"அப்ப இருக்கட்டும். சாமிகிட்ட வெச்சத எடுக்கக் கூடாது."

"காலையில எனக்கு ஸ்பேனர் வேணும்லா."

"நாளைக்கு ஒம்பது மணிக்குத்தான் மறுபூசை. அதுவரைக்கும் எதையும் தொடக்கூடாது. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

சைக்கிளுக்கு மட்டும் அப்படியில்லை. காடி, லாரிக்குச் செய்வதுபோல் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கி, தாராளமாக ஓட்டலாம் என்று வாசலில் நிறுத்திவைத்தாள். பேட்டரி இல்லாமல் கியர் அசையாது. இருக்கிறதிலேயே கனமான கியரில் அது மாட்டிக்கொண்டு நின்றது. அதை வைத்து ஸ்பீட் பிரேக்கர்கூட ஏற முடியாது.

விடியலில் கீழேயிருந்து மோகனராஜ் கூப்பிட்டான். மூட்டு வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் சைக்கிள்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெருமுனையில் திரும்பி மறைவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த மேட்டின் ஒவ்வொரு வளைவும் கண்ணுக்குள் வந்து போனது. குமுதா கோப்பியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"கூடப் போகணும்னு ஆசையா இருக்கா?"

"இருக்கு."

"நீங்க கிளம்புற ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்கும் அப்படித்தான் இருக்கும். இதே ஜன்னல்லதான் நிப்பேன்."

கோப்பியைக் குடித்தேன்.

ஒன்பது மணிக்கு மறுபூசை முடிந்தது. கற்பூரம் அணைந்ததும் பேட்டரிகளை எடுத்தாள். சந்தனத்தைத் துடைத்தாள். நேராக வாசலுக்குப் போய்ப் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று மாட்டினாள். எனக்கே அதற்கு இரண்டு தரம் முயல வேண்டியிருக்கும்.

"சாஹித் அண்ணே போன வாரமே வந்தாரு. உங்க பழைய கியரையெல்லாம் பையில போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. புதுசுக்குப் பேட்டரி எப்படி மாட்டுறதுன்னு கேட்டேன், சொல்லிக் குடுத்தாரு."

சத்தியத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம்.

"இன்னைக்கு விஜயதசமி. புதுசா எதையாச்சும் கத்துக்கணும்ல? நான் சைக்கிள் கத்துக்கப் போறேன். சீட்ட எறக்குங்க."

இறக்கினேன். சீட்டு வழுக்கிக்கொண்டு அடிவரைக்கும் போனது. பேட்டரி மட்டும் குழாய்க்குள் இருந்திருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காது. வெளியே இருப்பதுதான் நல்லது என்று பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான்.

ஃபிளாட்டுக்குக் கீழே உள்ள திடலில் அவள் பட்டனை அழுத்தினாள். 'ஸிக்'. சிரித்தாள். இன்னொரு தரம் அழுத்திவிட்டு, விட்டுடாதீங்க என்றாள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பின்னாலேயே ஓடினேன். அணையிலிருந்து திரும்பிய கூட்டம் திடலோரம் வந்து நின்றது.

இந்த வருஷமும் நான் சைக்கிளைத் தள்ளுவதை மோகனராஜ் வீடியோ எடுத்தான்.