அம்மாவின் எனாமல் கோப்பையை உடனே அனுப்பிவைக்கவும்

கிரென்வில், கிரெனடா
நவம்பர் 17

பேரன்பிற்குரிய அக்கா தியோடோராவுக்கு,

தம்பி கத்பர்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மனைவி இஸ்மேயும், முழங்கால்கள் நீங்கலாக, நலம். டொராண்டோவில் பனி தொடங்கியிருக்கும்; இருமலுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய பீப்பாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. அரிசி, சோப்பு, எனக்குக் கம்பளிக் காலுறை எல்லாம் கிடைத்தன. இந்த வெயிலில் காலுறையை எந்த நேரத்தில் போட்டுக்கொள்வது என்று தெரியாவிட்டாலும் அன்புக்கு நன்றி. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் பன்னிரண்டும் மறக்க முடியாத வகையில் பயன்பட்டன. அதைக் கீழே விவரிக்கிறேன்.

அக்கா, நாம் பிறந்த வீட்டில், அம்மாவின் சமையலறையில், பேக்கரி தொடங்கிவிட்டேன். வாசலில் ‘வெர்னா வீட்டு பேக்கரி’ என்று பலகையும் மாட்டியாகிவிட்டது. மூத்தவரான உங்களைக் கேட்காமல் அம்மா பெயரை வைத்தது தவறுதான். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்பதால் கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியவன் ஓய்வுபெற்று என்ன செய்வான்? முதல் மாதம் தூங்கினேன். இரண்டாம் மாதம் மாதா கோவில் அறிவிப்புப் பலகையில் இருந்த பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். மூன்றாம் மாதம் இஸ்மேயின் துணி மடிக்கும் முறையைத் திருத்த ஆரம்பித்தபோது அவள், “டீச்சரே, உங்க கையி சும்மா இருந்தா என் வாயி சும்மா இருக்காது. எதையாவது போட்டுப் பிசைங்க” என்றாள். பிசைந்தேன். கைக்கு மாவு பிடித்துப்போனது. விடியற்காலையில் தேங்காய் துருவி, ஜாதிக்காய் இழைத்து, அடுப்பிலிருந்து முதல் வாசனை வரும்போது, புது வகுப்புக்கு முதல் நாள் போகிற மாதிரி எனக்கு நெஞ்சு படபடக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு படபடப்பு வந்தால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், நான் தேங்காய் ரொட்டியைப் பார்க்கிறேன்.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ரொட்டி சுட்ட பழைய ‘அவன்’ அடுப்பு கடைசியாக எரிந்து இருபது வருடம் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மூடிவிட்ட ஒரு விடுதியிலிருந்து பெரிய கேஸ் அவன் ஒன்றை வாங்கி அதன் பக்கத்திலேயே வைத்தேன். பழசைத் தூக்கிப் போடலாமா என்றதற்கு இஸ்மே, “தூக்கிட்டா என் பானை சட்டியெல்லாம் உங்க தலையில வைக்கவா?” என்றாள். அவள் கேட்டது சரிதான், நம் ஊரில் அவன் என்றால் முதலில் பாத்திர அலமாரி, பிறகுதான் அடுப்பு. அந்தப் பழக்கத்தில் அவள் அன்று சாயந்தரமே புது அவனிலும் இடம் காலியாக இருப்பதைக் கண்டு, உங்கள் டப்பாக்கள் பன்னிரண்டையும் அழகாக அதில் அடுக்கிவிட்டாள். காலையில் நான் திறந்து பார்க்காமல் பற்றவைத்துவிட்டேன். “உள்ள பார்க்காம யாராவது பத்தவைப்பாங்களா?” என்று அவளும், “அவனுக்குள்ள யாராவது டப்பா வைப்பாங்களா?” என்று நானும் ஒரு வாரம் பேசிக்கொண்டோம். மூடிகள் இன்னும் கம்பித் தட்டில்தான் இருக்கின்றன, பிரிக்க முடியவில்லை.

இதையெல்லாம் மீறி வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. வாங்க வருகிறவர்கள் எல்லாம் என் பழைய மாணவர்கள், அதுதான் சிக்கல். மினிபஸ் ஓட்டும் டெஸ்மண்ட் நம் வாசலில் வண்டியை நிறுத்தி, பயணிகள் எல்லோரும் பார்க்க ஒரு கடி கடித்து, “பத்துக்கு நாலு, சார். கவனம் போதாது. இன்னும் முயற்சி தேவை” என்றான். நான் அவனுடைய ரிப்போர்ட் அட்டையில் எழுதிய அதே வார்த்தைகள். இப்போது ஏழரைக்கு வந்திருக்கிறேன். ஒன்பது வாங்காமல் விடுவதில்லை.

போன வாரம் தையற்காரி ஜோசலின் தேங்காய் ரொட்டிக் குறிப்பு கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பார்க்கிறேன், ஜாதிக்காயை எழுதவில்லை. வேண்டுமென்று விடவில்லை, கை தானாக அதைத் தாண்டிப் போய்விட்டது. இந்தத் தீவில் யார்தான் குறிப்பை முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள்? ஆனால் நீங்கள் அப்படி இல்லை. ஜூலையில் நான் கேட்டவுடனே, ஒரு வார்த்தை பேசாமல், அம்மாவின் கறுப்பு கேக் குறிப்பை நான்கு பக்கம் எழுதி அனுப்பினீர்கள். கூடப்பிறந்தவர்கள் என்றால் அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மீன் சந்தை அகதா டெலஸ்ஃபோர்டின் மகள் ஷெர்னலுக்கு டிசம்பர் 14 கல்யாணம். மூன்றடுக்குக் கறுப்பு கேக். அகதாவின் கல்யாணத்துக்கு அம்மா செய்த கேக்கின் அதே ருசி வர வேண்டும், அதுதான் அவளுடைய ஒரே நிபந்தனை. இஸ்மே போன கிறிஸ்துமஸிலிருந்து ரம்மில் ஊறவைத்திருந்த பழத்தை எடுத்து, உங்கள் குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றி, மாதிரிக்கு ஒன்று செய்து கொடுத்தேன். அகதா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். “ரம்மு இருக்கு, பழம் இருக்கு, கறுப்பும் இருக்கு. வெர்னாம்மா எங்க சார்?” என்றாள். இரண்டாவது செய்தேன். “இப்ப வெர்னாம்மா தெருமுனை வரைக்கும் வந்துட்டாங்க. வீட்டுக்குள்ள வரல.” மூன்றாவதைக் கடித்துவிட்டு, “திரும்பிப் போயிட்டாங்க சார்” என்றாள். டிசம்பர் முதல் ஞாயிறு நாலாவது மாதிரி. அதுவும் தேறாவிட்டால் தலைநகரில் ஒரு ஓட்டலில் சொல்லிவிடப் போகிறாளாம். அப்படி நடந்தால் அம்மா பெயர் போட்ட பலகையை நானே கழற்றிவிடுவேன். அம்மா இல்லாத கேக்குக்கு அந்தப் பெயர் எதற்கு?

யோசித்து யோசித்துக் காரணத்தைப் பிடித்துவிட்டேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் வகுப்பறையின் நீளத்தைக் காலடியால் அளக்கச் சொன்னால், நெட்டைப் பையன் இருபது அடி என்பான், குட்டைப் பையன் இருபத்தெட்டு என்பான். இருவரும் சரி, கால்தான் வேறு. உங்கள் குறிப்பில் எல்லா இடத்திலும் ‘கப்’ என்று இருக்கிறது. எந்தக் கப்? அம்மா அளந்தது நீல விளிம்பு வைத்த, பிடியில் எனாமல் பெயர்ந்த அந்தக் கோப்பையால். நான் அளப்பது கடையில் வாங்கியதால். அந்தக் கோப்பை எங்கே? 1981-இல் நீங்கள் டொராண்டோவுக்குக் கப்பல் பெட்டி கட்டிய நாளிலிருந்து அதைக் காணவில்லை. இத்தனை வருடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் திருட்டு என்று சொல்ல மாட்டேன். அதில் பல் துலக்கும் பிரஷ் வைத்திருந்தால்கூட வருத்தமில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால், நாளை டொராண்டோ திரும்பும் உங்கள் பக்கத்து வீட்டு லிஸ்ட்ராவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் தம்பி இருபத்தேழாம் தேதி இங்கே வருகிறான், அவன் கையில் கோப்பையைக் கொடுத்துவிடுங்கள். உங்களை மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் முழங்காலையும் மூச்சையும் ஆண்டவர் காக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னிக்கத் தெரிந்த தம்பி
கத்பர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் இஸ்மே, ஞாயிற்றுக்கிழமை சமையலுக்குப் பெரிய பானை தேடிப் பழைய அவனைக் குடைந்தாள். அடிப்பானைக்குள் கோப்பை இருந்தது. நீல விளிம்பு, பெயர்ந்த பிடி, எல்லாம் அப்படியே. மேலே எழுதியதில் ‘1981’ தொடங்கி ‘மன்னித்துவிட்டேன்’ வரை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். அதில் தண்ணீர் நிரப்பிக் கடைக் கப்பில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு கூடவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை. இஸ்மே சிரித்த சிரிப்பில் டெஸ்மண்ட் பஸ்ஸை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டான். “ஜோசலினுக்கு நீங்க ஜாதிக்காயை விட்டீங்க. உங்க அக்கா உங்களுக்கு எதை விட்டாங்களோ” என்கிறாள் இவள். நான்கு பக்கத்தையும் சிவப்புப் பேனாவோடு மறுபடி படித்தேன். அக்கா, ஒரு பிழை இல்லை, அவ்வளவு சுத்தமாக எதையோ விட்டிருக்கிறீர்கள். கோபமில்லை, நீங்கள் அம்மாவின் மகள்தான். கோப்பை வேண்டாம், போன் செய்யுங்கள், நான் பாதியில் வைக்க மாட்டேன். வெர்னாம்மா தெருமுனையில் நிற்கிறாள், சாவி உங்களிடம் இருக்கிறது.