தாய்மாமனுக்கு எண் ஒன்று

கள்ளக்குறிச்சியில் எழுதாத புத்தகங்களை அதிகம் வைத்திருப்பவர் பொருளடக்கம்தான். பாலிடெக்னிக் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பைத்தான் மொழியை நம்மூர் வேலைக்குப் பயன்படுத்தச் சொல்லித்தரும் புத்தகம் என்று வாரத்துக்கு ஒரு யோசனையோடு என் ஜெராக்ஸ் கடைக்கு வருவார். 'மரவள்ளிக்குப் பைத்தான்', 'கல்வராயன்மலை பஸ்ஸுக்குப் பைத்தான்'. பொருளடக்கத்தை மட்டும் டைப் அடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பட்டப்பெயர் அப்படி வந்தது.

ஒன்றே ஒன்றுதான் பொருளடக்கத்தைத் தாண்டியது: 'விசேஷ வீட்டுக்குப் பைத்தான்'. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு பாடத்தையும் எட்டாவதோடு நின்ற நான் செய்து பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வெடித்துவிடுமோ என்று பயந்துகொண்டே, என் மகள் காதுகுத்துப் பத்திரிகைக்குச் சொந்தக்காரர் பெயர்களை அதில் வரிசைப்படுத்தினேன். பத்திரிகை அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது.

அன்று கடையில் இருந்தது நாலே பேர்: நான், பொருளடக்கம், புத்தகத்தைப் போடலாமா என்று பார்க்க வந்த சென்னைப் பதிப்பாளர், மணலூர்பேட்டையிலிருந்து கொதித்துக்கொண்டு வந்த என் மனைவியின் தம்பி வேலு.

"இன்னா மாமா இது? மடியில உக்கார வச்சி காது குத்துற தாய்மாமன் நானு. எம்பேரு கடைசியில கீது. அண்ணாமலை டெய்லரு மொதல்ல கீறான்! அவன் மடியிலயே குத்திக்கோ!"

கம்ப்யூட்டர் அகரவரிசையில் அடுக்கியிருந்தது.

பதிப்பாளர் சிரித்தார். "கள்ளக்குறிச்சி காதுகுத்தை யாரு சார் படிப்பா? ஷேர் மார்க்கெட்னு மாத்துங்க. உடனே போட்டுடறேன்."

"சரின்னுடுங்க சார்" என்று பொருளடக்கத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஷேர் மார்க்கெட்டுல தாய்மாமன் கோச்சிக்குவானா? கோச்சிக்கிற எடத்துலதான்யா பாடமே கீது. ஒரு வரி மாத்த மாட்டேன். நீங்க போய்க்கினே இருங்க!" என்றார் பொருளடக்கம் பதிப்பாளரிடம்.

பதிப்பாளர் போயேவிட்டார். பொருளடக்கம் வேலு பக்கம் நாற்காலியைத் தள்ளினார்.

"உக்காருங்க. ஒறவுக்கு ஒரு நம்பர் போடுவோம். தாய்மாமனுக்கு ஒண்ணு. டெய்லருக்கு எத்தினி?"

"தொண்ணூறு!"

வேலு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தனக்குப் பிடிக்காத பங்காளிகளுக்கெல்லாம் டெய்லரையும் தாண்டி நம்பர் சொன்னான். கம்ப்யூட்டரை அந்த நம்பர்படி அடுக்க வைத்துப் புதுப் பத்திரிகை அடித்தோம். குழந்தைக்கு அவன் மடியில்தான் காது குத்தினோம்.

புத்தகத்தை நானே அச்செடுத்து ஸ்பைரல் போட்டேன். வேலு சொன்ன நம்பர்களும் அதில் இருப்பதால் பங்காளிகள் யாராவது கேஸ் போடுவார்களோ என்று இன்னும் பயம்தான். போடட்டும். கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். யார் எழுதியது என்று கேட்பவர்களிடம் பட்டப்பெயரைச் சொல்ல வாய் வருவதில்லை.

"எங்க சாரு" என்கிறேன்.