இன்றைய மழை: சூனியம்

கருவேலம்பட்டி,
அரிமளம் வழி.
1957, ஆவணி மாதம்.

பெருமதிப்பிற்குரிய பூகோள வாத்தியார் அய்யா சமூகத்திற்கு,

தங்களிடம் பி.ஏ. படிக்கும் நல்லதம்பியின் தகப்பன் அய்யாக்கண்ணு கும்பிட்டு எழுதிக்கொண்டது. தாங்களும் வீட்டில் அம்மாவும் குழந்தைகளும் சவுக்கியமாக இருக்க எங்கள் அய்யனார் துணை. இங்கே மழை ஒன்று தவிர மற்றதெல்லாம் இருக்கிறது.

அய்யா, தாங்கள் கொடுத்தனுப்பிய மழை அளக்கும் செம்புப் புனலை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். பையனுக்கு அந்த ஆராய்ச்சியில் மனசு விட்டுப்போய்விட்டது. காலேஜையும் விட்டுவிட்டுக் கீரமங்கலத்தில் தன் மாமன் கண்ணுசாமியின் மளிகைக் கடையில் நிற்கப் போவதாகச் சொல்லி, இன்று காலை டிரங்குப் பெட்டியோடு புறப்பட்டும் விட்டான். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் உத்தரவுப்படி களத்துமேட்டில் புனலை நட்டு, பக்கத்தில் ஒரு பலகையும் வைத்து, தினமும் காலேஜ் பஸ் ஏறுமுன் அளந்து எழுதி வந்தான். ஊர் ஜனங்களும் படித்துத் தெரிந்துகொள்ள நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று தாங்கள் சொன்னீர்களாம். அவனும் ‘இன்றைய மழை: சூனியம்’ என்று முத்துமுத்தாக எழுதினான். ஒரு சொட்டும் இல்லை என்பது அவன் எண்ணம். மறுநாளும் சூனியம். ஆடி முழுக்கச் சூனியம். எங்கள் பங்காளி மலையாண்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நேரே என்னிடம் வந்து, "ஏப்பா அய்யாக்கண்ணு, ஒம் மகன் மழைக்குச் சூனியம் வச்சுப்புட்டு அதைப் பலகையில வேற எழுதிப் போடுறானே, நாங்கள்லாம் எங்கிட்டுப் போறது" என்று கேட்டார். அதோடு விட்டாரா, கண்மாய்க்கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். மறுநாள் புனலின் கழுத்தில் யாரோ எலுமிச்சம்பழமும் பிஞ்ச செருப்பும் கட்டியிருந்தார்கள். என் சம்சாரம் செவந்தியிடம் கிணற்றடியில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தங்களுக்கு எழுதிக் கேட்டதில், சூனியத்தை விட்டுப் ‘பூஜ்யம்’ என்று எழுதச் சொல்லிக் கார்டு போட்டீர்கள். நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். ஆனால் அது பூஜைக்குரியது என்று மலையாண்டி வீட்டில் அர்த்தம் சொல்லியிருக்கிறார். அவர் சம்சாரம் மூக்காயி அன்றைக்கே வந்து புனலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செம்புப் பாலையும் உள்ளே ஊற்றிவிட்டது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். மறுநாள் பையன் அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்க்கிறான், திரிந்த பால். இதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அவன் சொல்ல, மூக்காயி, "ஏந் தம்பி, எம் பாலு மட்டும் கணக்குல வராதா, ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலப்பா" என்று அழுதேவிட்டது.

அன்றோடு அவனுக்கு வெறுத்துப்போய்விட்டது அய்யா. பலகைப் பக்கமே போகவில்லை. நான் கேட்டதற்கு, "பெய்யாத மழைய அளக்குறதுக்கு எதுக்குப்பா படிப்பு. மாமா கடையில புளி நிறுத்துப் போட்டாலும் தராசுல ஏதாச்சும் தெரியும்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பேரைத் தாங்கள் அடித்துவிடலாம். பெற்றவன் கையாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

புனலைப் பால் வாசம் போகப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறோம். எங்களால் தங்கள் பூகோளத்துக்கு வந்த குறையைத் தாங்கள் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் அம்மாவைச் செவந்தி விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கும்பிடும் கையோடு,
அய்யாக்கண்ணு.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் வானம் கருத்து மழை பிடித்துக்கொண்டது. நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி, புனலை இருந்த இடத்தில் திரும்ப நட்டு, யாரும் பால் கொண்டுவந்துவிடாதபடி கம்போடு பக்கத்தில் நின்றேன். மழை விடும் நேரத்துக்கு வரப்பில் ஒருவன் தலையில் டிரங்குப் பெட்டியோடு ஓடி வருகிறான். அரிமளத்தில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தவன் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டானாம். வந்ததும் என்னைக் கேட்டது, "அப்பா, புனலுக்குள்ள கைய வச்சீங்களா?" இல்லையப்பா என்றேன். அவன் தலையிலிருந்து பெட்டியை இறக்கி வாங்கிக்கொண்டேன்.

அளந்து பார்த்து ‘இன்றைய மழை: ஒரு அங்குலம் இருபது சென்ட்’ என்று பலகையில் எழுதியிருக்கிறான். "யாரோட இருபது சென்டுல பெஞ்சுச்சு, எங் காட்டுக்குக் கெடையாதா" என்று மலையாண்டி சண்டைக்கு வந்திருக்கிறார். பையன் அவரை உட்காரவைத்து, இது நிலத்துச் சென்ட் இல்லை, அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான். இடையிடையே சிரிக்கிறான். ஆடி பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தை நானும் செவந்தியும் கேட்கவில்லை. அவன் பேரை அடிக்க வேண்டாம் அய்யா. ஆளும் அனுப்ப வேண்டாம். சென்டுக்குப் பதிலாக நல்ல தமிழ் வார்த்தை எதுவும் அனுப்ப வேண்டாம், இதை நாங்களே சமாளித்துக்கொள்கிறோம்.