இறக்காமக் குளத்தில் நான் மேளம் அடித்த கதை

கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் எவருக்கும் கெடுத்ததில்லை. கல்முனையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். கேட்பதோடு சரி. முழங்காலுக்கு மேல் கடல் என்னைத் தொட்டது கிடையாது. (உம்மா விடவில்லை என்பது உண்மை. எனக்கும் அப்படியொன்றும் ஆசை இருக்கவில்லை என்பது அதைவிட உண்மை.)

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பசாரில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். ஒருநாள் இறக்காமத்திலிருந்து ஒரு பெண் தன் உம்மாவோடு வந்தாள். நான் விரித்துக் காட்டிய சேலையைப் பார்த்து, "சாயம் போகுமா?" என்று கேட்டாள். "ஓம், போகும்" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள், சேலை வாங்காமலே போனாள், முதலாளி என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. பெயர் பரீதா என்று விசாரித்து அறிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வர வேண்டும். அவர்கள் வருகிற மாதிரித் தெரியவில்லை. ஆகவே என் வாப்பா சுற்றி வளைத்து ஓர் ஆள் மூலம் பரீதாவின் வாப்பாவின் காதில் விஷயத்தைப் போட்டார். அவர் அலியார் போடியார். குளத்தடியில் நிறைய வயல் வைத்து வேளாண்மை செய்கிறவர். அவரிடமிருந்து வந்த பதில் இதுதான்:

"பொடியன் நல்ல பொடியன்தான். ஆனா என்ட வயலெல்லாம் குளத்தடியில கிடக்கு. கடைக்குள்ள நிழல்ல நிண்ட பொடியன் தண்ணியக் கண்டாப் பயப்படுவானே. பாப்பம்."

ஓமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. 'பாப்பம்' என்றால் என்ன என்று நான் ஒரு கிழமை குழம்பினேன்.

அந்த நேரம் பார்த்து ஓர் இளைஞர் கழகம் இறக்காமக் குளத்தில் டிராகன் படகுப் பயிற்சி முகாம் வைத்தது. போடியாரின் கண் முன்னாலேயே தண்ணீரில் நின்று காட்டலாம் என்று பெயர் கொடுத்தேன். டிராகன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. கழகத்துக்கும் தெரியாது. கொழும்பிலிருந்து வந்த மாஸ்டருக்கு மட்டும் தெரியும். அவர் கப்பலில் வேலை செய்தபோது ஹொங்கொங்கில் பார்த்தவராம். அவருக்குத் தமிழில் பத்துச் சொல் தெரியும், எங்களுக்குச் சிங்களத்தில் பத்துச் சொல் தெரியும். இரண்டு பத்தும் கடைசிவரை சந்திக்கவில்லை.

படகு என்பது நீளமான ஒரு தோணி. அதன் முன்னால் டிராகன் தலை வேண்டும் என்று மாஸ்டர் கையால் காட்டினார். நீள வாய், பெரிய பல், உடம்பெல்லாம் செதில். ஊர்த் தச்சர் நன்றாக யோசித்துத் தனக்குத் தெரிந்த பிராணி ஒன்றைச் செதுக்கிக் கொடுத்தார். அது முதலை. அந்தக் குளத்தில் ஏற்கெனவே முதலை உண்டு என்பதால் வேலை தத்ரூபமாக வந்திருந்தது.

துடுப்பு வலிக்கப் பத்துப் பேர் ஒரே தாளத்தில் கை போட வேண்டும் என்று மாஸ்டர் சைகையில் சொன்னார். கழகத்தார் அலையாமல் ஒரு பொல்லடிக் குழுவை அப்படியே கூட்டி வந்துவிட்டார்கள். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்கு முன்னால் வட்டமாக நின்று, கையிலுள்ள குட்டைத் தடியால் தாளத்துக்குப் பொல்லோடு பொல் அடித்து ஆடுகிறவர்கள். குழுவின் தலைவர் இஸ்மாயில் காக்கா துடுப்பை வாங்கிக் கையில் சுழற்றிப் பார்த்து, "கொஞ்சம் பாரமான பொல்லு" என்றார்.

முதல் நாள் எனக்கும் ஒரு துடுப்புக் கிடைத்தது. நான் வலித்ததில் படகு அசையவில்லை, பின்னால் இருந்தவர் குளித்து முடித்தார். மாஸ்டர் துடுப்பைப் பறித்து என்னைத் தோணியின் முன் நுனியில், முதலைத் தலைக்குப் பக்கத்தில், ஒரு மேளத்தோடு இருத்தினார். அதுவும் பின்பக்கம் பார்த்து! மேளக்காரன் வலிப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டுமாம். ஆகப் படகு எங்கே போகிறது என்று அதில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. ஆனால் போவது என் அடிக்குத்தான்.

"காக்கா, நான் இப்ப முன்னுக்குப் போறனா, பின்னுக்குப் போறனா?"

"நீங்க அடிங்க தம்பி. போறத நாங்க பாத்துக்கொள்றம்."

இரண்டு நாள் 'டும்... டும்...' என்று மெதுவாக அடித்தேன். அவர்களும் அழகாக வலித்தார்கள். மாஸ்டருக்குக் கண் கலங்கியது. மூன்றாம் நாள் பின்னேரம் ஊருக்கு முன்னால் ஓடிக் காட்டுவதென்று ஏற்பாடு. குளக்கட்டு முழுக்கச் சனம். குளிக்கிற துறையில் குடையோடு அலியார் போடியார். தோணியில் ஏறும்போதே அவரைக் கண்டுவிட்டேன். இன்றைக்குச் சொதப்பினால் பரீதா இல்லை.

நடுக்குளம்வரை போய்த் துறைக்குத் திரும்பி வர வேண்டும். போனோம், திரும்பினோம். பின்னால் சுக்கான் பிடித்து நின்ற மாஸ்டர் தன் பத்துச் சொல்லில் ஒன்றைப் பாவித்தார்: "வேகம்! வேகம்!"

நானும் அடித்தேன். போடியார் பார்க்கிறார் என்ற வெறியில் மேளம் கிழிகிற மாதிரி அடித்தேன்.

பொல்லடியில் தாளம் முறுகினால் ஆட்டக்காரர்கள் செய்வது ஒன்றுதான் என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவன் பக்கம் திரும்பி அவன் பொல்லில் அடிப்பார்கள். அடித்தார்கள். 'சடார்' என்று ஐந்து சோடித் துடுப்பும் ஒன்றாக மோதின. தோணி ஒருபக்கம் சாய்ந்தது. நான் பயத்தில் இன்னும் வேகமாக அடித்தேன். இஸ்மாயில் காக்கா முகம் மலர, "ஆஹ்!" என்று எழும்பிப் பின்னால் திரும்பி அடித்தார். மற்றவர்களும் எழும்பினார்கள். (வருஷக்கணக்காக ஆடிய உடம்பு, என்ன செய்யும்?) மாஸ்டர் மிச்சம் இருந்த ஒன்பது சொல்லையும் சேர்த்துக் கத்தினார். தோணி கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் என் கைக்கு மேளம் அகப்பட்டது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். கண் திறந்தால் கண்ணுக்கு எட்டின தூரம் குளம். நடுக்குளத்தில் கிடக்கிறேன் என்று முடிவு செய்தேன். அப்போது பக்கத்தில் நீள வாயும் பெரிய பல்லுமாக ஒன்று மிதந்து வந்தது.

"முதலை! முதலை! அல்லாஹ்வே, முதலை!"

கண்ணை இறுக மூடி, தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினேன். பரீதாவிடம் மனத்துக்குள் மன்னிப்பும் கேட்டேன். அப்போது தலைக்கு மேலே நிதானமாக ஒரு குரல் கேட்டது.

"தம்பி."

கண்ணைத் திறந்தேன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் குடையோடு அலியார் போடியார் தண்ணீரில் நின்றார். அவர் இடுப்புக்குக் கீழேதான் தண்ணீர். மற்றக் கையால் மரத் தலையைத் தள்ளிவிட்டார்.

"காலை ஊண்டுங்க மனெ. நிலம் இரிக்கி."

ஊன்றினேன். இருந்தது. பின்னால் திரும்பினால் துறை பத்தடியில்! பொல்லடிக்காரர் பத்துப் பேரும் மாஸ்டரும் எப்போதோ எழும்பி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளக்கட்டில் சிரித்த சிரிப்பு கல்முனைக்கே கேட்டிருக்கும். அன்றே, ஈரச் சாரனோடு பஸ் ஏறினேன். வழி முழுக்க அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கிழமையில் பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். நம்ப முடியாமல், ஏன் என்று வாப்பாவே கேட்டுவிட்டார்.

"பயம் வந்தா ஊருக்கே கேக்கக் கத்துறான்" என்றார் போடியார். "ஒளிக்கத் தெரியாதவன். என்ட மகளுக்குக் கள்ளம் செய்ய ஏலா இவனுக்கு. நீச்சல் பழக்கலாம், மத்ததப் பழக்க ஏலா."

நிக்காஹ் அன்று வழக்கப்படி அவர் என் கையைப் பிடித்துப் பெண்ணை ஒப்படைத்தார். 'ஒப்புக்கொண்டேன்' என்று நான் சொல்ல வேண்டும். சபை முழுக்கப் பார்க்கிறது, எனக்கு வாய் வரவில்லை. மாமா என் கையை அழுத்தி மெதுவாகச் சொன்னார்: "காலை ஊண்டுங்க மனெ. நிலம் இரிக்கி." சொல்லிவிட்டேன். மாமா சொன்னது முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை வாய் திறக்கத் தாமதித்தாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

மாமா மௌத்தாகி, அவரை அடக்கிப் பல வருஷம் கழித்து எங்கள் ஒரே மகளின் நிக்காஹ். மாப்பிள்ளையின் கையை நான் பிடித்தேன். மகளை ஒப்படைக்கும் வசனத்தைத் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டது. திரும்பத் தொடங்கினேன், முடியவில்லை. அந்தப் பொடியன் என் கையைக் கொஞ்சம் அழுத்தினான்.

"மாமா, காலை ஊண்டுங்க. நிலம் இரிக்கி."